வாரத்தின் முதல் பாடம் பேச்சு



தமிழ்ப்பள்ளிக்காக நாம் கூட்டம் கூட்டினால் பேச்சு எந்தப் பக்கம் போகும் என்பது உங்களுக்குத் தெரியும். எத்தனை பள்ளிகள் மிஞ்சியிருக்கின்றன, முதலாம் ஆண்டில் எத்தனை பேர் சேர்ந்தார்கள், நிலம் யார் பெயரில் இருக்கிறது, மானியம் வந்துசேர்ந்ததா, இணைக்கட்டடம் எப்போது எழும்பும். இவை பேசத்தான் வேண்டும். பள்ளி வாரியத்திலும் பெற்றோர் ஆசிரியர் சங்கத்திலும் இதற்காகவே தேய்ந்துபோன மனிதர்களை நான் அறிவேன். அவர்கள் இல்லையென்றால் இன்று பல பள்ளிகளுக்குக் கூரையே இருந்திருக்காது. ஆனாலும் கூரைக்கடியில் என்ன நடக்கிறது என்று கேட்பவர்கள் குறைவு. இந்த வாரம், திங்கள் முதல் வெள்ளி வரை, நம் பிள்ளைகள் வகுப்பில் என்ன படிக்கிறார்கள்? இன்றைய என் பேச்சு அதைப் பற்றியதுதான்.

முதலில் தமிழ்மொழிப் பாடநூலைக் கையில் எடுப்போம். 2011இல் முதலாம் ஆண்டில் தொடங்கி, 2017இல் சீரமைக்கப்பட்ட தொடக்கப்பள்ளிக் கலைத்திட்டத்தின் வழி வந்த நூல் இது. தொகுதி தொகுதியாகப் பிரித்திருக்கிறார்கள். ஒவ்வொரு தொகுதிக்கும் ஒரு கருப்பொருள். சுகாதாரம், போக்குவரத்து, பண்பாடு, சுற்றுச்சூழல் என்று அது மாறிக்கொண்டே போகும். தொகுதிக்குள் முதலில் வருவது கேட்டலும் பேச்சும். அடுத்து வாசிப்பு. பிறகு எழுத்து. அதற்குப் பின் செய்யுளும் மொழியணியும். கடைசியில்தான் இலக்கணம். ஒரு தொகுதி ஏறக்குறைய ஒரு வாரத்தில் முடியும். பள்ளிக்குப் பள்ளி கால அட்டவணை மாறலாம், திங்களுக்குரியது செவ்வாய்க்குத் தள்ளிப்போகலாம். வரிசை மட்டும் மாறாது.

இந்த வரிசையை வகுத்தவர்கள் குழந்தையை அறிந்தவர்கள் என்றே நான் நினைக்கிறேன். இரண்டாம் ஆண்டு வகுப்பு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். கருப்பொருள் போக்குவரத்து. பிரிக்பீல்ட்ஸில் உள்ள இந்த மண்டபத்திலிருந்து நடக்கும் தூரத்தில் கொமுட்டர் இரயில் இருக்கிறது, எல்.ஆர்.டி. இருக்கிறது, சாலையின் மேலே மோனோரயில் ஓடுகிறது, கீழே பேருந்து நிற்கிறது. இங்கே வளரும் பிள்ளைக்குப் போக்குவரத்தைப் பற்றி யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. தாத்தாவோடு கிள்ளானுக்குப் போனது, அட்டையைத் தட்டினால் கதவு திறந்தது, உட்கார இடம் கிடைக்காமல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றது, எல்லாம் அவன் மனத்தில் இருக்கிறது. முதல் பாடத்தில் ஆசிரியர் அதை வெளியே இழுக்கிறார். பிள்ளை சொல்லச் சொல்ல, தண்டவாளம், நடைமேடை, பயணச்சீட்டு என்று அவனுக்குத் தேவையான சொற்களை ஆசிரியர் கொடுத்துக்கொண்டே வருகிறார். மறுநாள் வாசிப்புப் பகுதியில் அதே சொற்கள் அச்சில் வருகின்றன. பிள்ளை தடுமாறுவதில்லை. அதற்கு அடுத்த நாள் நான்கு வாக்கியம் எழுதச் சொன்னால் எழுதுகிறான், ஏனென்றால் சொல்வதற்கு அவனிடம் ஏதோ இருக்கிறது. வார இறுதியில் ஒருமை, பன்மை என்று இலக்கணம் வரும்போது எடுத்துக்காட்டுக்கு எங்கும் ஓட வேண்டாம். இரயிலும் இரயில்களும் வாரம் முழுக்க அவன் வாயில் இருந்தவைதானே.

மற்றப் பாடங்களையும் ஒரு பார்வை பார்த்துவிடுவோம். கணிதத்தில் முதலாம் ஆண்டுப் பிள்ளை 100 வரையிலான எண்களோடு பழகுகிறது. இரண்டாம் ஆண்டில் 1,000, மூன்றாம் ஆண்டில் 10,000, நான்காம் ஆண்டில் 100,000 என்று எல்லை விரிந்து, ஐந்தாம் ஆண்டில் 10 லட்சத்தைத் தொடுகிறது. முதலாம் ஆண்டிலேயே 10 ரிங்கிட் வரை பணக்கணக்கும் உண்டு. அறிவியலில் முதலாம் ஆண்டுப் பிள்ளை உயிருள்ளவை எவை, உயிரற்றவை எவை என்று பிரித்துப் பார்க்கிறது, காந்தத்தைத் தொட்டுப் பார்க்கிறது, எந்தப் பொருள் நீரை உறிஞ்சும் என்று சோதிக்கிறது. மூன்றாம் ஆண்டில் பற்கள், உணவு செரிமானம், அடர்த்தி, காடித்தன்மையும் காரத்தன்மையும், சூரிய மண்டலம், கப்பி என்று பாடம் சூடு பிடிக்கிறது. நான்காம் ஆண்டில் வரலாறு தொடங்குகிறது. பனியுகத்தில் ஆரம்பித்து, பண்டைய மலாய் அரசுகளைக் கடந்து மலாக்கா சுல்தான்களிடம் வந்து சேர்கிறது. அந்த அரசுகளில் பழைய கெடாவும் ஒன்று. நம் முன்னோர் கடாரம் என்று அழைத்த மண் அது. பத்து வயதுப் பிள்ளைக்கு அந்தத் தொடர்பை எடுத்துச் சொல்லும் ஆசிரியர் பாக்கியம் செய்தவர், கேட்கும் பிள்ளையும் பாக்கியம் செய்தது. இவற்றோடு தேசிய மொழியும் ஆங்கிலமும். ஏழு வயதில் மூன்று மொழி, இரண்டு எழுத்துமுறை. உலகத்தில் எத்தனை குழந்தைகள் ஒரே வாரத்தில் இவ்வளவையும் சுமக்கின்றன என்று யோசித்துப் பாருங்கள். நம் பிள்ளைகள் சுமக்கிறார்கள். நாம் அதைப் பெரிதாகப் பாராட்டியதில்லை.

கப்பி என்றேன் அல்லவா, அங்கே கொஞ்சம் நிற்க விரும்புகிறேன். ஒவ்வொரு வாரமும் சபை கூடலில் நெகாராகூ பாடும்போது கொடி மேலே ஏறுகிறது. கயிற்றைக் கீழே இழுத்தால் கொடி எப்படி மேலே போகிறது? கம்பத்தின் உச்சியில் இருக்கும் கப்பிதான் காரணம். அந்தக் கொடிக் கம்பத்தடியில் மூன்றாம் ஆண்டு மாணவர்களை நிறுத்தி, "ஏன்?" என்று கேட்டுவிட்டு ஆசிரியர் பேசாமல் இருக்க வேண்டும். ஒரு பிள்ளை கயிற்றைச் சொல்லும். ஒரு பிள்ளை சக்கரத்தைச் சொல்லும். கிள்ளான் துறைமுகத்தில் வேலை செய்யும் அப்பாவின் பிள்ளை பாரந்தூக்கியைப் பற்றிச் சொல்லும். அரைகுறையாக, தப்பும் தவறுமாக, ஒருவர் விட்ட இடத்தில் இன்னொருவர் தொட்டுக்கொண்டு, அந்தக் கூட்டமே சேர்ந்து ஒரு விளக்கத்தைக் கட்டி முடிக்கும். அறிவியல் அங்கேதான் நடக்கிறது. பயிற்றியில் கோடிட்ட இடத்தில் 'கப்பி' என்று நிரப்புவதில் அது நடப்பதில்லை. அப்படியானால் பேச்சு தமிழ்மொழிப் பாடத்துக்கு மட்டும் உரியதன்று. எல்லாப் பாடமும் அதன்மேல்தான் நிற்கிறது.

ஆனால் நம் வகுப்புகளில் வாரம் நெருக்கடியானால் முதலில் காணாமல் போவது இந்த முதல் பாடம்தான். விளையாட்டுப் போட்டி வந்தால், பொது விடுமுறை வந்தால், ஆசிரியர் கூட்டத்துக்குப் போனால், பேச்சைத் தாண்டி நேரே வாசிப்புக்கும் எழுத்துக்கும் போய்விடுகிறோம். இதற்குக் காரணம் ஆசிரியர்களின் சோம்பல் என்று யாரும் எண்ண வேண்டாம். 1988 முதல் 2019 வரை ஆறாம் ஆண்டின் யூ.பி.எஸ்.ஆர். தேர்வு நம்மை நடத்தியது. தமிழ்மொழிக்கு அதில் இரண்டு தாள். ஒன்று கருத்துணர்தல், மற்றொன்று கட்டுரை. பேச்சுக்குத் தாள் இல்லை. பள்ளி அளவில் வாய்மொழிச் சோதனை இருந்தது, அதை யாரும் பத்திரிகையில் படம் போட்டுக் கொண்டாடவில்லை. எத்தனை ஏ என்பதே பள்ளியின் பெயரையும் பெற்றோரின் பெருமையையும் தீர்மானித்தது. அதனால் ஆறாம் ஆண்டு வந்ததும் பிள்ளைகள் பழமொழி, மரபுத்தொடர், உவமைத்தொடர், இரட்டைக்கிளவி எல்லாவற்றையும் பொருளோடு பட்டியலாக மனனம் செய்தார்கள். மனனம் கெட்டது என்று சொல்ல மாட்டேன். ஆத்திசூடியையும் திருக்குறளையும் சிறு வயதில் நெஞ்சில் ஏற்றிக்கொண்டவனுக்கு அது கடைசி வரை துணை வரும். ஆனால் தேர்வுக்காக மனனம் செய்த மரபுத்தொடரை அந்தப் பிள்ளை சாப்பாட்டு மேசையில் ஒருமுறையாவது சொல்லியிருக்குமா? சொல்லாத மொழியணி தேர்வு முடிந்த மறுநாளே உதிர்ந்துவிடுகிறது.

2020இல் பெருந்தொற்றினால் தேர்வு நடக்கவில்லை. 2021இல் யூ.பி.எஸ்.ஆர். அடியோடு நீக்கப்பட்டது. இப்போது வகுப்பறை மதிப்பீடு. 1 முதல் 6 வரை அடைவுநிலை. நான்காம் ஆண்டிலிருந்து ஆண்டிறுதிச் சோதனை ஒன்றும் உண்டு. பெற்றோர்கள் பலர் இந்த மாற்றத்தில் குழம்பி நிற்பதைப் பார்க்கிறேன். "என் பிள்ளைக்கு 4 போட்டிருக்கிறார்கள், அது ஏயா பியா?" என்று கேட்கிறார்கள். அந்தக் கவலை எனக்குப் புரிகிறது. 30 ஆண்டுகளுக்கு மேல் ஒரே கண்ணாடி வழியாகப் பார்த்தவர்களுக்கு அந்தக் கண்ணாடியைக் கழற்றியதும் எதுவும் தெளிவாகத் தெரியாது. ஆனால் பேச்சுப் பாடத்துக்கு இப்போதுதான் விடுதலை கிடைத்திருக்கிறது. தெரிந்ததை ஒப்பிக்கும் பிள்ளை ஒரு நிலையில் இருக்கிறது. அதையே தன் சொற்களில் விளக்கி, காரணம் காட்டி, புதிய சூழலில் பயன்படுத்தும் பிள்ளை மேல்நிலைக்குப் போகிறது. அதை அளக்க ஆசிரியர் பிள்ளையின் குரலைக் கேட்டாக வேண்டும். இந்த வாய்ப்பை நாம் பாழாக்கினால், இன்னொரு தேர்வைக் கொண்டுவந்தாலும் பயனில்லை.

கொஞ்சம் பழைய காலத்துக்குப் போக அனுமதி வேண்டும். 1816இல் பினாங்கில் தொடங்கிய தமிழ் வகுப்பை நினைத்து 2016இல் 200ஆம் ஆண்டைக் கொண்டாடினோம். ஆனால் சிலாங்கூரில் நம் பள்ளிகளின் வேர் பெரும்பாலும் தோட்டத்தில் இருக்கிறது. 1912இன் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் 10 பேராவது இருக்கும் தோட்டங்களில் பள்ளி வேண்டும் என்றது. பள்ளி என்று பெயர்தான். பல இடங்களில் ஒரே கொட்டகை, ஒரே ஆசிரியர், எல்லா வகுப்பும் ஒன்றாக. தோட்ட எழுத்தரான கிராணியே பாடம் நடத்திய தோட்டங்களும் உண்டு. நூல்கள் தமிழ்நாட்டிலிருந்து கப்பலில் வந்தன. இரப்பர் மரத்தடியில் பிறந்த பிள்ளை, தான் கண்ணால் கண்டிராத ஊர்களைப் பற்றி வாசித்தது. 1956இன் ரசாக் அறிக்கைக்குப் பிறகுதான் இந்த நாட்டுக்குப் பொதுவான பாடப்பொருள் எல்லா மொழிப் பள்ளிகளுக்கும் வந்தது. பிள்ளை தன் நாட்டைத் தன் பாடநூலில் பார்த்தது.

அந்தத் தோட்டத்துப் பிள்ளைக்கு இல்லாதவை பல. ஆனால் அதற்குப் பேச்சுக்குப் பஞ்சமே இல்லை. விடியற்காலையில் ஆயாக் கொட்டகையில் விடப்பட்டதிலிருந்து இரவு லயத்து வாசலில் தூங்கும் வரை காதில் விழுந்தது எல்லாம் தமிழ். ஆயாவின் கதை, காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் மேற்பார்வையாளரான தண்டலின் குரல், திருவிழாவில் தெருக்கூத்து, சாவு வீட்டில் ஒப்பாரி. ஐந்து வகையாக ஒரே சங்கதியைச் சொல்லத் தெரிந்த மனிதர்கள் நடுவே அது வளர்ந்தது. அதனிடம் இல்லாதது எழுத்து மட்டுமே. பள்ளி அதைக் கொடுத்தது.

இன்று தோட்டம் போய்விட்டது, பெயர் நின்றுவிட்டது. பண்டார் உத்தாமாவில் எஃபிங்காம், பூச்சோங்கில் காசல்ஃபீல்ட், கெலானா ஜெயாவில் சீபோர்ட். எல்லாம் ஒரு காலத்துத் தோட்டங்களின் பெயர்களைத் தாங்கி, அடுக்குமாடிகளுக்கும் நெடுஞ்சாலைகளுக்கும் இடையே நிற்கும் தமிழ்ப்பள்ளிகள். அங்கே படிக்கும் பிள்ளைக்கு எழுத்து எங்கும் கிடைக்கிறது. நம் நாட்டைச் சேர்ந்த முத்து நெடுமாறன் 1980களிலேயே முரசு அஞ்சல் மென்பொருளை உருவாக்கித் தமிழைக் கணினியில் ஏற்றினார், பிறகு செல்லினத்தின் வழி கைப்பேசிக்கும் கொண்டுவந்தார். அகர வரிசையைத் தொட்டால் ஒலி சொல்லும் செயலிகள் உண்டு. ஆனால் அந்தப் பிள்ளை தமிழில் பேசிக் கேட்பது எப்போது? அம்மாவும் அப்பாவும் வேலைக்குப் போய் ஏழு மணிக்கு வருகிறார்கள். தாத்தா பாட்டி வேறு ஊரில். மாலையில் பராமரிப்பு நிலையம், அங்கே வேறு மொழி. வீட்டில் ஆளுக்கொரு திரை. அன்று வீடு பேச்சைக் கொடுத்தது, பள்ளி எழுத்தைக் கொடுத்தது. இன்று பேச்சையும் பள்ளிதான் கொடுக்க வேண்டியிருக்கிறது. தொகுதியின் முதல் பாடத்தை நான் இவ்வளவு கெட்டியாகப் பிடித்துக்கொள்வது இதனால்தான்.

எழுத்தும் பாட்டும் ஒரே வீட்டில் இருந்து வந்தன என்பதையும் சொல்ல வேண்டும். முத்து நெடுமாறனின் தந்தை முரசு நெடுமாறன் தமிழ்ப்பள்ளி ஆசிரியர், பாப்பா பாவலர் என்று நாம் போற்றுகிறவர். மலேசியத் தமிழ்க் கவிதைக் களஞ்சியத்தைத் தொகுத்த அதே கை சின்னஞ்சிறு பிள்ளைகளுக்கும் பாட்டு எழுதியது. அந்தத் தலைமுறை ஆசிரியர்களுக்கு ஒரு விஷயம் தெரிந்திருந்தது. கூச்சப்படும் பிள்ளை பேசாது, ஆனால் பாடும். பாட்டில் வாய் திறந்துவிட்டால் பேச்சு பின்னாலேயே வரும்.

மொழிக் கொள்கையைத் தொடாமல் போக முடியாது. 2003இல் முதலாம் ஆண்டில் சேர்ந்த பிள்ளைகள் நம் பள்ளிகளில் கணிதத்தையும் அறிவியலையும் ஆங்கிலத்தில் படித்தார்கள். 2009இல் அந்தக் கொள்கையைக் கைவிடுவதாக அரசாங்கம் அறிவித்தது, பிறகு படிப்படியாகத் தமிழ் திரும்பியது. 2016இல் ஆங்கிலத்துக்கு இடமளிக்கும் இருமொழிப் பாடத்திட்டம் வந்து, பயிற்றுமொழி விவாதம் மீண்டும் கிளம்பியது. ஆங்கிலம் வேண்டும் என்கிற பெற்றோரை நான் எதிரியாகப் பார்க்கவில்லை. அவர்கள் பிள்ளையின் வேலைவாய்ப்பை நினைக்கிறார்கள். ஆனால் ஆங்கிலத்தில் நடத்திய அந்த ஆண்டுகளில் அறிவியல் வகுப்பு எப்படி அடங்கிப்போனது என்பதை உள்ளே இருந்தவர்கள் அறிவோம். பிள்ளை கேள்வி கேட்க வாய் எடுக்கும், மொழி வராது, வாயை மூடிக்கொள்ளும். ஒற்றைச் சொல்லில் பதில் வரும். எட்டு வயதில் "ஏன்" என்று கேட்கத் தெரிந்த மொழியில்தான் அறிவியல் தொடங்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். அதில் வேரூன்றிய பிள்ளை இடைநிலைப்பள்ளியில் மொழி மாறினாலும் சமாளிக்கும்.

பெருந்தொற்று செய்த சேதத்தையும் நாம் இன்னும் முழுதாகக் கணக்கெடுக்கவில்லை. 2020 மார்ச் 18இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியபோது முதலாம் ஆண்டில் இருந்தவர்கள், வகுப்புக்குள் நுழைந்து மூன்று மாதம்கூட ஆகாத பிள்ளைகள். அதன்பின் திரையும் முகக்கவசமும். அவர்கள் 2025இல் ஆறாம் ஆண்டுக்கு வந்தபோது அவர்களில் பலருடைய எழுத்து தேறிவிட்டிருந்தது. எழுந்து நின்று நான்கு வாக்கியம் பேசச் சொன்னால் தரையைப் பார்த்தார்கள்.

ஆசிரியர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். உங்கள் சிரமம் எனக்குத் தெரியும். 35 பேர் உள்ள வகுப்பில் ஒரு மணி நேரப் பாடத்தை எப்படிப் பங்கிட்டாலும் ஒரு பிள்ளைக்கு இரண்டு நிமிடம்கூட வராது. அதனால் ஒருவர் பின் ஒருவராக எழுப்பிப் பேசவிடும் முறையை விட்டுவிடுங்கள். இருவர் இருவராக உட்காரவைத்து ஒருவருக்கொருவர் சொல்லச் சொல்லுங்கள். வகுப்பு இரைச்சலாக இருக்கும். தலைமையாசிரியர்கள் அந்த இரைச்சலைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். இன்னொன்று, பிள்ளை "பாசார் மாலாம் போனோம் டீச்சர், அங்க அப்பா எனக்கு ஒண்ணு வாங்கித் தந்தாரு" என்று ஆரம்பிக்கும்போது நடுவில் நிறுத்தித் திருத்தாதீர்கள். முழுவதையும் சொல்லி முடிக்கட்டும். பிறகு நீங்கள் அதையே நல்ல தமிழில் திருப்பிச் சொல்லுங்கள். "ஓ, இரவுச் சந்தைக்குப் போனீர்களா, அப்பா என்ன வாங்கிக் கொடுத்தார்?" பிள்ளை தானாகவே அந்த நடைக்கு ஏறிவரும். நடுவில் வெட்டப்பட்ட பிள்ளை அடுத்த முறை கை தூக்காது. வீட்டுத் தமிழ் குறையுள்ள தமிழ் அன்று. அதன்மேல்தான் பள்ளித் தமிழைக் கட்ட முடியும்.

பெற்றோர்களே, உங்களுக்கு நான் வீட்டுப்பாடம் கொடுக்கப் போவதில்லை. கிள்ளானிலிருந்து கோலாலம்பூருக்கு வேலைக்கு வந்துபோகும் களைப்பை நான் அறிவேன். பிள்ளையின் பையைத் திறந்து இந்த வாரத் தொகுதியின் கருப்பொருள் என்ன என்று மட்டும் பாருங்கள். போக்குவரத்து என்றால் காரில் போகும்போது அதைப் பற்றிப் பேசுங்கள். சுகாதாரம் என்றால் பல் மருத்துவரிடம் போனது நினைவுக்கு வரட்டும். பணக்கணக்கு என்றால் கிள்ளானின் தெங்கு கெலானா சாலையில் பூ வாங்கும்போது 10 ரிங்கிட்டைப் பிள்ளையின் கையில் கொடுத்து, மீதியை எண்ணிச் சொல்லச் சொல்லுங்கள். "இன்று என்ன படித்தாய்?" என்று பொதுவாகக் கேட்டால் "ஒன்றுமில்லை" என்றுதான் பதில் வரும். "கப்பி எப்படி வேலை செய்கிறது, எனக்குத் தெரியாது, சொல்லேன்" என்று கேட்டுப் பாருங்கள். வீட்டில் ஆங்கிலம் பேசும் குடும்பங்களுக்கும் இதையே சொல்கிறேன். நாள் முழுக்க வேண்டாம், அந்தப் பத்து நிமிடம் தமிழில் இருக்கட்டும். உங்கள் தமிழ் தடுமாறினால் பிள்ளை உங்களுக்குச் சொல்லிக்கொடுக்கட்டும்.

2027இல் புதிய பள்ளிக் கலைத்திட்டம் தொடங்கும் என்று கல்வி அமைச்சு அறிவித்திருக்கிறது. நூல்கள் மாறும், தொகுதிகளின் அமைப்பும் மாறலாம். அது குறித்துக் கருத்துச் சொல்ல நம் இயக்கங்களுக்கு வாய்ப்பு வரும்போது எத்தனை நிமிடம், எத்தனை ஆசிரியர் என்று கேட்பதோடு நின்றுவிடக் கூடாது. கேட்டலும் பேச்சும் எந்த இடத்தில் இருக்கின்றன, அவற்றை ஆசிரியர் எப்படி நடத்துவார், எப்படி மதிப்பிடுவார் என்று கேட்க வேண்டும்.

இதை நம் கையிலேயே இருக்கும் ஒரு சின்ன மாற்றத்தோடு தொடங்கலாம். பெற்றோர் ஆசிரியர் சங்க ஆண்டுக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரல் உங்களுக்கு மனப்பாடம். கடவுள் வாழ்த்து, தலைவர் உரை, கூட்டக் குறிப்பு, கணக்கறிக்கை, தேர்தல். தலைவர் உரைக்கு அடுத்து இன்னோர் அங்கத்தைச் சேருங்கள். ஒவ்வோர் ஆண்டு வகுப்பிலிருந்தும் இரண்டு பிள்ளைகள் மேடைக்கு வந்து, அந்த வாரம் தாங்கள் படித்ததைத் தாளைப் பார்க்காமல் பெரியவர்களுக்குச் சொல்ல வேண்டும். பேச்சுப் போட்டியில் பரிசு வாங்கிய பிள்ளைகள் வேண்டாம். பெயர்ப் பதிவேட்டில் எந்த எண் வருகிறதோ அந்தப் பிள்ளைகள். சொல்லி முடித்ததும் பெற்றோர் அவர்களிடம் கேள்வி கேட்கலாம். ஆறு ஆண்டுகளுக்கும் சேர்த்து அரை மணி நேரத்துக்கு மேல் ஆகாது. கணக்கறிக்கையை அதற்குப் பிறகு வாசித்துக்கொள்ளலாம்.